சக்கரவர்த்தியை முட்டிய ஆடு

ஆடு முட்டிய வேகத்தில் சக்கரவர்த்தி யாவ் பாயிலிருந்து கிளம்பி, பின்னால் இருந்த மல்பெரி இலைக் கூடைக்குள் போய் உட்கார்ந்தார்.

பிங்யாங் நகரத்து நீதிமன்ற முற்றத்தில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. நாற்பது அதிகாரிகள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். மண்வெட்டி திருடியதாக இழுத்து வரப்பட்டிருந்த குடியானவன் மட்டும், "அப்ப நான் போலாமா?" என்று மெல்லக் கேட்டான்.

அவன் கேட்டதும் நியாயம்தான். சட்டம் அப்படி. அந்த ஒற்றைக் கொம்பு ஆடு தெய்வப் பிறவி. வழக்கு என்று வந்தால் அதை அவிழ்த்துவிடுவார்கள். யாரை முட்டுகிறதோ அவன் குற்றவாளி. சாட்சி கிடையாது, மறு விசாரணை கிடையாது. ஆறு வருடத்தில் பதினொரு பேரை அது முட்டியிருந்தது. பதினொரு பேரும் தெற்கே உப்பேரியில் உப்புச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அதே ஆடு மண்வெட்டிக்காரனைத் தாண்டி, அவன் பக்கத்து வயல்காரனைத் தாண்டி, மூன்று மண்படி ஏறிப்போய் நாட்டை ஆளுகிறவரையே முட்டிவிட்டது.

"அக்கா, எழுபது வருஷமா ஆளுறவரு. இப்பத்தான் மாட்டினாரு" என்றான் தோங்.

"சும்மா இரு" என்றாள் நிங்.

நிங், தடம் பார்க்கிறவள். முதலில் வேட்டைக்காரர்களுக்கு மான் தடம் பார்த்துச் சொன்னாள். பிறகு மனிதத் தடத்துக்கு மாறிக்கொண்டாள். மானுக்குத் தடத்தை மறைக்கத் தெரியும், மனிதனுக்குத் தெரியாது, வேலை சுலபம் என்பாள். தோங் அவளுடைய உதவியாள். நாற்பது வயது, நல்ல தொப்பை. அரண்மனை வாசலில் குறை சொல்ல வருகிறவர்கள் அடிக்கும் முரசுக்குக் காவலாக இருந்தவன். மழை இல்லை என்று முரசடித்த ஒரு கிழவரிடம், "போன மாசம் மழை ஜாஸ்தின்னு அடிச்சதும் நீங்கதானே? முதல்ல நீங்களும் நீங்களும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று சொன்னதற்காக வேலை போனது.

தோங்குக்கு அந்த ஆட்டின் மேல் தனிக் கோபம் ஒன்று இருந்தது. மூன்று வருடம் முன்பு அது அவன் தம்பி வெய்யை முட்டியிருந்தது.

மந்திரி ஹுவான் வேர்க்க விறுவிறுக்க நிங்கிடம் ஓடி வந்தார். முற்றத்து ஓரத்தில், முகஸ்துதி பேசுகிறவர்கள் பக்கம் வளையும் புல் ஒன்று உண்டு. அவர் ஓடி வந்த திசையிலேயே அதுவும் சாய்ந்து வந்தது.

"அந்தப் புல்லுக்குக் கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்று தோங் முணுமுணுத்தான்.

"நிங்! சூரியன் சாயறதுக்குள்ள ராஜா என்ன குத்தம் பண்ணாருன்னு நீ கண்டுபிடிச்சாகணும்!"

"ஒரு குத்தமும் பண்ணலைன்னா?"

"அதெப்படி? ஆடு முட்டிடுச்சே! ஆடு தப்புன்னு ஆச்சுன்னா, பதினொரு தீர்ப்பும் தப்பு. பதினொண்ணையும் படிச்சது நான்!"

"குற்றவாளி தயாரா இருக்காரு, குத்தம்தான் இன்னும் வரல. இப்படி ஒரு வழக்கு நமக்கு வந்ததே இல்லக்கா" என்றான் தோங்.

கூடைக்குள்ளிருந்து சக்கரவர்த்தியின் குரல் வந்தது. "ஹுவான், ஆடு முட்டினவன் பதவியில இருக்கக் கூடாதுன்னுதானே சட்டம்?"

"ஐயோ, பிரபு, அது வந்து..."

"சட்டம்னா சட்டம்தான்ப்பா. எனக்காக மாத்த வேண்டாம்."

தலையில் மல்பெரி இலையோடு அவர் அதைச் சொன்னபோது முகம் கொஞ்சம் மலர்ந்திருந்ததோ என்று தோங்குக்குத் தோன்றியது. வலியில் சிலருக்கு அப்படி ஆகும் என்று விட்டுவிட்டான்.

நிங் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடு இப்போது கூடைக்குள் தலையை விட்டு, சக்கரவர்த்தியின் இடது விலாவை நக்கிக்கொண்டிருந்தது.

"மன்னிப்பு கேக்குதோ?" என்றான் தோங்.

"ஆறு வருஷத்துல யார்கிட்டயும் கேட்டதில்லையே." அவள் போய்க் குனிந்து வணங்கினாள். "ஐயா, மேலங்கியைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாமா?"

ஊரிலேயே மோசமான மேலங்கி அதுதான். சணல் துணி, நான்கு ஒட்டு. நிங் அதன் இடது பக்கத் தையலை விரலால் நெரித்தாள். நொறுநொறு என்றது. விரலை நாக்கில் வைத்தாள்.

"உப்பு" என்றாள்.

சக்கரவர்த்தி மேலங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "வேர்வையா இருக்கும்மா" என்றார்.

முற்றத்தை ஒட்டியிருந்த அரண்மனை என்பது ஓரம் கத்தரிக்காத கூரை போட்ட மண் வீடுதான். அதன் அடுப்படியில் சமையல்காரி ஒப்பாரி வைக்காத குறையாகச் சொன்னாள். "இந்த வீட்ல உப்பா? கஞ்சியில ஒரு கல் போட்டா, 'ஜனங்க எல்லாருக்கும் இது கெடைக்குதா?'ன்னு கேப்பாரு. கெடைக்கலைன்னா கொட்டச் சொல்லுவாரு. மூணு வருஷமா உப்பைக் கண்ணால பாக்கல. எனக்கு நாக்கே செத்துப்போச்சும்மா."

"அப்ப வெளியில இருந்து எவனோ கொண்டாந்து, அவரோட அங்கியில தடவியிருக்கான்" என்றான் தோங், தெருவில் இறங்கியதும். "ஆட்டுக்கு உப்புன்னா உசுரு. ராஜாவை மாட்டிவிட்டா யாருக்கு லாபம்? மகனுக்கு. போய் டான் ஜூவைப் பிடிப்போம், வழக்கு முடிஞ்சுது, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு."

"முதல்ல உப்பு விக்கறவளைப் பார்ப்போம்."

நகரத்தில் உப்பு விற்பவள் ஒருத்திதான், ரூ. ஃபென் ஆற்றங்கரைச் சந்தையில் நாணல் பாயில் உப்புக்கட்டிகளை அடுக்கி வைத்து, யார் தொட்டாலும் கையில் அடிப்பாள்.

"நாலு நாள் முன்னாடி ஒருத்தர் வாங்கினாரு. பெரிய மூங்கில் தொப்பி, மொகம் தெரியல. பேரமே பேசல, கேட்ட சோழியைக் குடுத்தாரு. அப்பவே எனக்கு சந்தேகம். கட்டியைச் செகப்புச் சணல் கயித்துல முடிஞ்சாரு."

சிவப்புக் கயிறு அரண்மனையில் மட்டும்தான் திரிப்பார்கள். தோங் நிங்கைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.

"வேற ஏதாவது பேசினாரா?" என்றாள் நிங்.

"ராஜா எப்படின்னு கேட்டாரு. 'எந்த ராஜா? இன்னும் அவரேதானா?'ன்னு கேட்டேன். 'ஆமாம்மா, இன்னும் அவரேதான்'னு ஒரு பெருமூச்சு விட்டாரு பாரு, எனக்கே பாவமாப் போச்சு."

"பட்டத்துக்குக் காத்திருக்கிற மகன், பெருமூச்சு விடாம என்ன பண்ணுவான்?" என்றான் தோங் வெற்றியோடு.

"போறப்ப என் மூட்டை நாலையும் நிழல்ல தூக்கி வெச்சுட்டுப் போனாரு. என் வீட்டுக்காரர் இருந்தா எனக்கு இந்தக் கதி வருமா? மூட்டை தூக்கிட்டிருந்தவரை அப்படியே இழுத்துட்டுப் போயி, அந்த நாசமாப் போன ஆட்டுக்கு முன்னாடி நிறுத்தினாங்க. நேரா வந்து முட்டுச்சு."

நிங் போகத் திரும்பியவள் நின்றாள். "என்ன மூட்டை?"

"நான் வேறென்ன விக்கிறேன்? உப்பு மூட்டைதான்."

ஆற்றங்கரையோடு நடக்கும்போது நிங் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள். "தோங், உன் தம்பியைக் கூட்டிட்டுப் போனப்ப அவன் என்ன பண்ணிட்டிருந்தான்?"

"முள்ளங்கி ஊறுகாய் போட்டுட்டிருந்தான். ஏன்?"

"கை கழுவினானா?"

"இழுத்துட்டுப் போறவன் கை கழுவ விடுவானாக்கா? அவன் என்ன விருந்துக்கா போனான்?"

வழியில் அந்த ஆட்டை மேய்க்கிறவனைப் பார்த்ததும் நிங் போய் அவனிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

இளவரசர் டான் ஜூவைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அவருக்குப் படகில் போகப் பிடிக்கும், தண்ணீரைக் கண்டால் பயம். ஆகவே படகு தரையில் போகும். தினை வயலுக்கு நடுவில் இருபது வேலைக்காரர்கள் ஒரு பெரிய படகை ஏலேலோ போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உள்ளே குடைக்குக் கீழே உட்கார்ந்து டான் ஜூ கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் வைத்துக் கட்டம் ஆடிக்கொண்டிருந்தார். எதிரில் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் அவரேதான்.

"யாரு ஜெயிக்கிறாங்க?" என்றான் தோங் படகோடு நடந்தபடி.

"பேசாதே, நான் ரொம்ப மோசமான நெலமையில இருக்கேன்."

நிங் நேராக விஷயத்துக்கு வந்தாள். ஆடு முட்டியதைச் சொன்னாள். சூரியன் சாய்ந்ததும் சட்டப்படி சக்கரவர்த்தி இறங்க வேண்டியிருக்கும் என்றாள். "அப்புறம் பட்டம் உங்களுக்குத்தான், இளவரசரே."

டான் ஜூவின் கையிலிருந்து வெள்ளைக் கல் விழுந்தது. முகமும் அந்தக் கல்லின் நிறத்துக்கு வந்தது. "எனக்கா? நான் எதுக்கு? நான் ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்னு ஊருக்கே தெரியுமே! அப்பாவே சொல்லுவாரே!"

"இருந்தாலும்..."

"இந்த ஆட்டம் முடியவே இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்! டேய், தள்ளுங்கடா! வேகமாத் தள்ளுங்கடா!"

இருபது பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். படகு தப்பி ஓடியது. தோங் கொஞ்ச தூரம் கூடவே நடந்து போனான். படகின் வேகம் போதாமல் நடுவில் நின்று இடுப்புக் கச்சையையும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"ஏன் பின்னாலயே வர்ற?" என்று டான் ஜூ கத்தினார்.

"நான் மெதுவாத்தான் வர்றேன், இளவரசே. நீங்க தாராளமாத் தப்பிச்சுப் போங்க."

திரும்பி வந்தபோது நிங் வரப்பில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சிரிக்காதீங்க. நாம சந்தேகப்பட்டவன் ஓடிட்டான். ஓடினான்னு சொல்லக்கூட முடியல. இப்ப நம்ம கையில என்ன இருக்கு?"

"எல்லாம் இருக்கு. சிம்மாசனத்துல உக்கார ஆசைப்பட்டவன் யாருன்னு நாம தேடினோம். இந்த நாட்டுல அப்படி ஒருத்தனும் இல்ல. எந்திரிக்கணும்னு ஆசைப்படறவரு யாருன்னு தேடியிருக்கணும்."

சக்கரவர்த்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து செருப்பு தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சின்ன மூட்டை கட்டி வைத்திருந்தது. பயணத்துக்குத் தயாராக இருக்கிறவருடைய மூட்டை.

"ஐயா, அந்த உப்பை வாங்கினது நீங்கதான்" என்றாள் நிங்.

சக்கரவர்த்தி ஊசியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். மறுக்கலாமா என்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"பேரம் பேசல. மூட்டை தூக்கிக் குடுத்தீங்க. அதுக்கப்புறம் அந்தப் பெருமூச்சு. இவ்வளவு நல்ல திருடனை நான் பார்த்ததில்ல."

"எழுபது வருஷம்மா!" அவர் குரல் உடைந்தது. "பத்து சூரியன் ஒண்ணா வந்து நின்னுச்சு. ஒம்போதை அம்பு விட்டு விழ வெச்சேன். அது முடிஞ்சுதுன்னு பார்த்தா வெள்ளம். வெள்ளம் இன்னும் வடியல. யாராவது எடுத்துக்கங்கப்பான்னு கெஞ்சிட்டேன். மலையில இருந்த ஒரு சாமியார்கிட்ட கேட்டேன். கேட்ட காதைக் கழுவணும்னு ஆத்துக்கு ஓடினாரு. கீழ்ப்பக்கம் ஒருத்தன் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருந்தான். இவரு காது கழுவின தண்ணி வேண்டாம்னு மாட்டை மேல்பக்கம் ஓட்டிட்டுப் போயிட்டான். என் பதவியை மாடு கூட வேண்டாம்னுடுச்சு!"

தோங் சிரிப்பை அடக்க உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டான்.

"ஒரே ஒரு உபகாரம் பண்ணு, நிங். வெளியில போயி ஏதாவது குத்தம் சொல்லு. கோழி திருடினேன்னு சொல்லு. நான் ஒத்துக்கறேன். சாயங்காலமே கிளம்பிடறேன். மலை அடிவாரத்துல ஒரு குடிசை பார்த்து வெச்சிருக்கேன்."

"சொல்லலாம்யா. சொன்னா ஆடு சரின்னு ஆயிடும்."

"ஆகட்டுமே."

"ஆடு உங்க உப்புக்காக மட்டும் வரல. அது எப்பவுமே உப்புக்குத்தான் வந்திருக்கு. ரூவோட புருஷன் உப்பு மூட்டை தூக்கிட்டிருந்தவன். இதோ இவன் தம்பி ஊறுகாய்க் கையோட நின்னான். மத்தவங்க எல்லாம் கோடையில, உச்சி வெயில்ல, வேர்வையில குளிச்சு நின்னவங்க. வர்ற வழியில ஆடு மேய்க்கிறவனைக் கேட்டேன். காலையில விசாரிச்ச ஒருத்தனைக் கூட அது முட்டினதில்ல. ஆறு வருஷமா இந்த நாட்டுல நீதின்னு நாம சொன்னது, ஒரு ஆட்டோட நாக்கு ருசி."

தோங்குக்கு முதலில் அது காதில்தான் விழுந்தது. மனதில் விழக் கொஞ்ச நேரம் ஆனது. வெய் அன்றைக்கு முள்ளங்கிப் பானையிலிருந்து கையை எடுத்து, "அண்ணே, மூடி வை, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஏதோ கேலியாகச் சொல்லத் தோங் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அவன் வாழ்க்கையில் அப்படி ஆனதே இல்லை.

சக்கரவர்த்தி அவனைப் பார்த்தார். "உன் தம்பி போயி எத்தனை நாளாச்சு?"

"மூணு வருஷம்யா. அங்கிருந்து வந்த ஒருத்தன் சொன்னான். உப்புத் தண்ணியில நின்னு நின்னு கால் ரெண்டும் வெடிச்சுப் போச்சாம். ஆனா..." அவன் நிறுத்தினான். "ஆனா ஆடு முட்டிச்சே, ஏதோ பண்ணியிருப்பான்னு நானே நெனச்சுட்டேன்யா. கூடப் பொறந்தவன், நானே நெனச்சுட்டேன்."

சக்கரவர்த்தி அந்தச் சின்ன மூட்டையை எடுத்து மடியில் வைத்தார். பிறகு அதை அவிழ்த்தார். உள்ளே ஒரு திருவோடு, ஒரு போர்வை. இரண்டையும் எடுத்து வீட்டுக்குள் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

"வாங்க" என்றார்.

வாசல் முரசை அவரே அடித்தார். ஆட்சியின் மேல் குறை உள்ளவர்கள் அடிக்கிற முரசு அது. அதிகாரிகள் விழுந்தடித்து ஓடி வந்தார்கள்.

"யாவ் மேல ஒரு புகார்" என்றார் சக்கரவர்த்தி. "சொந்த அங்கியில உப்பைத் தடவிட்டு, வேலையை விட்டு ஓடப் பார்த்தான். அந்த ஆட்டுக்கு நியாயமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. உப்புதான் தெரியும்."

"பிரபு!" மந்திரி ஹுவான் அலறினார். "தெய்வ ஆட்டை அப்படிச் சொல்லலாமா? எதோ பெருந்தன்மையில பேசறீங்க. உங்களைப் போல உத்தமர் இந்த உலகத்துலயே..."

முற்றத்துப் புல் அவர் பக்கமாகத் தரையோடு படுத்தது.

"மந்திரி ஐயா சொல்றதும் சரிதான்" என்றாள் நிங் பணிவாக. ரூவிடம் வாங்கி வந்திருந்த உப்புக்கட்டியை உள்ளங்கையில் தேய்த்தபடி கிட்டே போனாள். "ஐயா, உங்க பின்பக்கம் இலை ஒட்டியிருக்கு, தட்டி விடறேன்." நன்றாகத் தட்டிவிட்டாள். "தோங், ஆட்டை அவிழ்த்து விடு."

மூன்று வருடத்தில் தோங் இவ்வளவு ஆசையாக ஒரு வேலையைச் செய்ததில்லை. ஆடு மூக்கை உயர்த்தியது. காற்றை மோந்தது. தலையைத் தாழ்த்தியது. மந்திரி ஹுவான் முற்றத்தை இரண்டு சுற்று ஓடினார். மூன்றாவது சுற்றில் மல்பெரி இலைக் கூடைக்குள் தலைகீழாகப் போனார்.

"மந்திரி என்ன குத்தம் பண்ணாருன்னு சூரியன் சாயறதுக்குள்ள கண்டுபிடிக்கணுமாக்கா?" என்றான் தோங் சத்தமாக. நாற்பது அதிகாரிகளும் வெடித்துச் சிரித்தார்கள். மண்வெட்டிக் குடியானவன் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தான்.

சக்கரவர்த்தி கையை உயர்த்தினார். "பதினொரு பேரையும் நாளைக்குள்ள கூட்டிட்டு வர ஆள் அனுப்புங்க. வண்டி அனுப்புங்க, யாரையும் நடக்க வைக்காதீங்க. இனிமே மனுஷன் குத்தத்தை மனுஷன் விசாரிக்கட்டும். ஆடு புல் மேயட்டும்."

"ஐயா, உப்பேரி மூணு நாள் பயணம்" என்று யாரோ சொன்னார்கள்.

"அப்ப இன்னைக்கே கிளம்பச் சொல்லுங்க!"

தோங் முதுகைத் திருப்பிக்கொண்டு முரசின் தோலைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. நிங் பக்கத்தில் வந்து நின்றாள். "வண்டியோட நீயும் போயிட்டு வா" என்றாள்.

கூட்டம் கலைந்தது. சக்கரவர்த்தி மறுபடியும் செருப்பை எடுத்தார். சமையல்காரி மூன்று கிண்ணத்தில் உப்பில்லாத தினைக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். தோங் மரியாதைக்காக ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"நிங், உனக்கு இன்னொரு வழக்கு தர்றேன்" என்றார் சக்கரவர்த்தி. "எனக்கு ஒரு ஆள் வேணும். இந்தப் பதவியைக் கண்டா ஓடாத ஒருத்தன். கெட்டிக்காரனா இருக்க வேண்டாம், வீரனா இருக்க வேண்டாம். ஓடாம இருந்தாப் போதும்."

நிங் உதட்டைப் பிதுக்கினாள். "கஷ்டம்யா."

"ஒருத்தன் இருக்கான்" என்றான் தோங் கிண்ணத்தைத் தள்ளி வைத்து. "லிஷான் மலைப்பக்கம், உழவன். அவங்க அப்பாவே அவனைக் களஞ்சியக் கூரை மேல ஏத்திவிட்டுக் கீழ தீ வெச்சாரு. ரெண்டு தொப்பியை றெக்கை மாதிரி விரிச்சுக் குதிச்சுத் தப்பிச்சான். அப்புறம் கெணறு தூர் எடுக்க எறக்கிவிட்டு, அப்பாவும் தம்பியும் மேல மண்ணைப் போட்டு மூடிட்டாங்க. பக்கவாட்டுல குடைஞ்சு வெளியில வந்தான்."

"வந்து?"

"வந்து வீட்டுக்குப் போயி, கை கால் கழுவிட்டு, அப்பாவுக்குச் சோறு போட்டான். இன்னும் அதே வீட்லதான் இருக்கான்யா."

சக்கரவர்த்தி எழுந்து நின்றுவிட்டார். "அப்படிப்பட்ட குடும்பத்தை விட்டே ஓடலையா? பேரு என்ன?"

"ஷுன்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"அந்த வீட்ல எவன் பொண்ணு குடுப்பான்?"

சக்கரவர்த்தி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். அங்கே அவருடைய இரண்டு பெண்களும் பட்டுப்புழுவுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எழுபது வருட ஆட்சியில் மந்திரிகள் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு கள்ளப் புன்னகை அவர் முகத்தில் மெல்லப் பரவியது.

"ஒரு பொண்ணு குடுத்தா, மறுபக்கமா ஓடிடுவான்" என்றார். "ரெண்டையும் குடுத்துடுவோம்."